ஓரண் நிலத்தைத் தரிசு என்று எழுதாதீர்கள்: ராஜஸ்தான் அரசுக்கு ஒரு திறந்த மடல்

ராஜஸ்தான் மாநில வருவாய்த் துறைச் செயலர் அவர்களுக்கும் கால்நடை பராமரிப்புத் துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிச் செல்பவரைக் கீதாரி என்போம். அறுவடை முடிந்த வயலில் அவர் கிடை போட்டால் நிலக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார். அதே வழக்கத்தைத் தங்கள் மாநிலத்தின் பாலி மாவட்டத்தில், ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் ராய்க்கா சமூகத்து மக்களிடம் கண்டபோது, மொழி தெரியாத ஊரில் நிற்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்துவிட்டது. அந்த உறவின் பேரில்தான், அவர்கள் மந்தை மேயும் ஓரண் என்ற கோயில் காடுகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் இது தங்கள் மேசைக்கு வந்து சேராமலே போகலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கள் அரசு 2014ஆம் ஆண்டில் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. அதை இறைச்சிக்கு வெட்டுவதையும் அனுமதியின்றி மாநில எல்லைக்கு வெளியே கொண்டு செல்வதையும் தடுக்கும் சட்டம் 2015இல் வந்தது. ஆனால் 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் ஏறத்தாழ 3.26 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.13 லட்சமாகக் குறைந்துவிட்டன. இந்தச் சரிவைச் சட்டம் ஒன்றே உண்டாக்கவில்லை. சாலையும் டிராக்டரும் வந்தபோதே வண்டி ஒட்டகத்தின் தேவை குறையத் தொடங்கிவிட்டது. ஆயினும் ராய்க்காக்கள் மரபாகப் பெண் ஒட்டகத்தை விற்பதில்லை, ஒட்டக இறைச்சி உண்பதில்லை. புஷ்கர் போன்ற சந்தைகளில் இளம் ஆண் ஒட்டகங்களை விற்றுத்தான் ஆண்டுச் செலவைச் சமாளித்தார்கள். வெளிமாநில வியாபாரி வராமல் போனதும் விலை படுத்துவிட்டது. பிறக்கும் கன்றுக்கு மூன்று தவணைகளில் 10,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தங்கள் அரசு 2016இல் கொண்டுவந்தது நல்ல காரியம்தான். அந்தக் கன்று எங்கே போய் மேயும் என்பதே என் கேள்வி.

பாலியில் நான் பார்த்த ஒரு காலைப்பொழுதைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய மறுகாலின் தொடைமேல் பாத்திரத்தை வைத்துப் பால் கறந்தார். முதலில் கன்றை ஊட்டவிட்டார். பால் இறங்கிய பிறகும் நான்கு காம்புகளில் இரண்டைக் கன்றுக்கென்று விட்டுவிட்டு மற்ற இரண்டில் மட்டுமே கறந்தார். கறந்த சூட்டோடு பாலை எருக்கு இலையைக் குழித்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். எருக்கம்பாலை நஞ்சென்று கேட்டு வளர்ந்த எனக்குக் கை சற்றுத் தயங்கியது. அவர் சிரித்துக்கொண்டே இன்னோர் இலையைப் பறித்துத் தாம் குடித்துக் காட்டினார். ஒட்டகம் முப்பத்தாறு வகைச் செடிகளை மேய்வதால் அதன் பால் மருந்து என்பது அவர்கள் சொல்வழக்கு. எண்ணிக்கை எப்படியோ போகட்டும், அந்தச் செடிகள் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?

அந்த இடத்துக்குப் பெயர் ஓரண். ஊரின் தெய்வத்துக்கென்று விடப்பட்ட காடு அது. அங்கே மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம், பச்சை மரத்தில் கோடரி வைக்கக் கூடாது. கேரும் ஜாலும் கேஜ்ரியும் அங்கே தலைமுறைகளாக நிற்கின்றன. கேஜ்ரி என்பது எங்கள் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான். தங்கள் மாநில மரமும் அதுவே. ஜெய்சல்மேர் பகுதி ஓரண்களில் ராய்க்காக்களின் மந்தைகள் மட்டுமல்ல, ராஜபுத்திரர், சிந்தி முஸ்லிம் குடும்பங்களின் ஒட்டகங்களும் ஆடுமாடுகளும் ஒன்றாக மேய்கின்றன. இத்தகைய நிலத்தின் பெரும்பகுதி வருவாய் ஆவணத்தில் ஓரண் என்ற பெயரிலேயே இல்லை; அரசுத் தரிசு என்று கிடக்கிறது. தரிசு என்று எழுதிய பிறகு அதைச் சூரிய மின்நிலையத்துக்கோ உயரழுத்த மின்கம்பிக்கோ ஒதுக்குவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்லாவில் மட்டுமே 2,245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்காவை அமைக்க முடிந்த மாநிலத்தில், மேய்ச்சல் காட்டை விட்டுவிட்டு வேறு நிலம் தேடுவது இயலாத காரியமல்ல என்றுதான் சொல்கிறேன். தேக்ராய் ஓரணின் மேலே செல்லும் மின்கம்பிகள், எஞ்சியிருக்கும் சில கானமயில் பறவைகளுக்கும் எமனாக நிற்கின்றன.

ராஜஸ்தானின் ஓரண்களைக் களத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. இதை வரவேற்பவர்களிடமும் ஓர் அச்சம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. வனம் என்று அறிவித்த மறுநாளே வேலி போட்டு மந்தையை வெளியே நிறுத்திவிடுவார்களோ என்பதே அது. கும்பல்கட் சரணாலயத்தில் தங்கள் மேய்ச்சலுக்காகப் பல்லாண்டுகள் போராடிய ராய்க்காக்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல. அந்தத் தீர்ப்பே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சமூக வன வளமாக ஓரண்களை அங்கீகரிக்கும் வழியையும் காட்டியிருக்கிறது. அந்தப் பகுதியையும் சேர்த்து நிறைவேற்றினால்தான் அச்சம் தீரும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. அளவை முடியும் வரை ஓரண், கோச்சர் எனப்படும் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் எதையும் எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்க வேண்டாம். அளக்கும் குழுவோடு அந்தந்த ஊர் மேய்ப்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். எல்லை எந்த மரத்தில் தொடங்கி எந்த நாடியில் முடிகிறது என்பதை, அதாவது எந்தக் குட்டை வரை என்பதை, அவர்களே காட்டுவார்கள். பதிவேட்டில் ஓரணின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் மேய்ச்சல் உரிமையையும் ஒன்றாக எழுதுங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, உழவுக்கும் வண்டிக்கும் வாங்குவோர் மாநில எல்லை கடந்து ஒட்டகத்தைக் கொண்டு செல்ல எளிய அனுமதி முறையை ஏற்படுத்துங்கள்.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதற்கான விழா ஜெய்ப்பூரில் நடந்தால், மேடை போடும் செலவில் ஒரு பங்கை நில அளவையருக்கு ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரத்திலிருந்து ஒரு கீதாரி வீட்டுப் பேரன்