எக்கோ குமிழைத் திருகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரிகள் தொடங்கிவிட்டால் ‘சாகித்யம் ஒரு சொல்கூடப் புரியவில்லை’ என்ற முணுமுணுப்பும் தொடங்கிவிடும். பழி பாடகரின் உச்சரிப்பின் மேல் விழும், இல்லையென்றால் ஸ்பீக்கரின் மேல் விழும். பல மேடைகளில் கோளாறு இரண்டிலும் இல்லை. குரலுக்கு மிக்சரில் சேர்க்கும் செயற்கை முழக்கமான ரிவெர்ப்பில், அதாவது மேடையிலிருந்து ‘இன்னும் கொஞ்சம் எக்கோ’ என்று கேட்கப்படுகிறதே, அதில் இருக்கிறது.

முதலில் அரங்கத்தைப் பார்க்க வேண்டும். ஒலி நின்ற பிறகு அதன் முழக்கம் 60 டெசிபெல் குறைய எடுக்கும் நேரமே முழக்க நேரம். ஒலியியல் அறிஞர் சபைன் தந்த சூத்திரம் எளிது: அரங்கின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கிரானைட் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. திரையோ கம்பளமோ கிடையாது. மொத்தப் பரப்பு 1,440 சதுர மீட்டர். விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை அது உறிஞ்சும் என்று வைத்தால், காலி மண்டபத்தில் முழக்கம் 6 விநாடி நிற்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 0.4 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவார் என்று கொண்டால், 500 பேர் நிறைந்ததும் அதே மண்டபம் 1.6 விநாடிக்கு இறங்கிவிடும். 100 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் கிட்டத்தட்ட 4 விநாடி.

ஆகவே காலி மண்டபத்தில் ரிவெர்ப்பின் அளவை முடிவுசெய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட முடியாது. 4 விநாடி முழங்கும் இடத்தில் மிக்சரின் ரிவெர்ப்பை முழுவதும் மூடிவைப்பதே சரி. கூட்டம் சேரச் சேரத் திறந்துகொள்ளலாம். கோயில் திடலில் கதை நேர்மாறு. ஒலி மோதித் திரும்பச் சுவரே இல்லாததால் குரல் வறண்டு கேட்கும். ரிவெர்ப் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

அடுத்தது இணைப்பு. பல தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ரிவெர்ப் யூனிட்டைக் குரல் சானலின் இன்சர்ட்டில் (குரல் முழுவதையும் யூனிட் வழியே திருப்பிவிடும் துளையில்) செருகாதீர்கள். குரலின் ஒரு பங்கைத் தனியே வெளியே அனுப்பும் ஆக்ஸ் சென்டிலிருந்து யூனிட்டுக்கு அனுப்பி, அதிலிருந்து வருவதைத் தனி ஸ்டீரியோ சானலில் திரும்ப எடுக்க வேண்டும். அந்த ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடராக, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பிறகு ஒலியை எடுப்பதாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே எடுக்கும் ப்ரீ-ஃபேடராக இருந்தால், குரல் ஃபேடரை இறக்கினாலும் ரிவெர்ப் பழைய அளவிலேயே நிற்கும். பாடகர் கிணற்றுக்குள் இறங்கிப் பாடுவது போல் ஆகிவிடும். பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டருக்கு ப்ரீ, ரிவெர்ப்புக்கு போஸ்ட். யூனிட்டின் மிக்ஸ் 100 சதவீதம் வெட் (ரிவெர்ப் மட்டும்) என்று இருக்கட்டும். அதில் நேர்க்குரலும் கலந்து வந்தால், ஒரே குரல் இரண்டு வழிகளில் வந்து சேரும். டிஜிட்டல் யூனிட் சிறிது தாமதிப்பதால் சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குரல் சதையிழந்து மெலியும். திரும்பி வரும் சானலில் அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டியதும் முக்கியம். மறந்தால் ரிவெர்ப் தனக்குள்ளேயே சுற்றி, சிறிது நேரத்தில் ஊளையிடத் தொடங்கும்.

உள்ளேயே எஃபெக்ட் உள்ள மிக்சர்களில் இந்த வயரிங் இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. யமஹா எம்ஜி எக்ஸ்யூ வரிசையில் 24 எஃபெக்ட்கள் இருக்கின்றன. அவற்றில் கரோக்கே, வோக்கல் எக்கோ என்ற பெயர்களைப் பார்த்ததும் விரல் அங்கே போகும். இவை சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வகை. மெல்லிசை மேடையில் ஒரு பாட்டின் கடைசி வரிக்கு அழகு, கீர்த்தனைக்கு ஆகாது. அறையின் முழக்கம் போன்ற ரூம் அல்லது உலோகத் தகட்டின் முழக்கம் போன்ற பிளேட் வகையை எடுங்கள்.

ரிவெர்ப்பின் நீளம் எவ்வளவு? விநாடிக்கு எட்டு ஸ்வரம் ஓடும் பிருகாவில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 125 மில்லி விநாடி. 2 விநாடி ரிவெர்ப் அந்த நேரத்தில் 4 டெசிபெல்கூட இறங்காது. முந்தைய ஸ்வரத்தின் மேலேயே அடுத்தது ஏறி உட்காரும். 1 விநாடி என்றால் 7.5 டெசிபெல் இறங்கும், ஸ்வரங்கள் பிரிந்து கேட்கும். நீண்ட ரிவெர்ப் கமகத்தில் இன்னும் மோசம்: வளைந்து போகும் ஒலியின் எல்லாப் புள்ளிகளும் ஒருசேரத் தொங்குவதால் வளைவே தெரியாது. கர்நாடகக் கச்சேரிக்கு 1 முதல் 1.3 விநாடி போதும். தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்கு 1.8 வரை போகலாம், ஒரு வரியைத் தாளத்தோடு விரித்துப் பாடும் நிரவல் தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். ப்ரீ-டிலே 20 முதல் 40 மில்லி விநாடி. நேர்க்குரலுக்கும் ரிவெர்ப்புக்கும் நடுவே இந்தச் சிறு இடைவெளி இருந்தால் க, ட, ப போன்ற வல்லினங்கள் மூடப்படாமல் வெளியே வந்துவிடும்.

திரும்பி வரும் சானலில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். கீழே வெட்டுவது மிருதங்கத்துக்காக: அதன் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியின் ஒலி குரல் மைக்கில் கசிந்து, அங்கிருந்து ரிவெர்ப்புக்குள் போய், மண்டபமெங்கும் உறுமலாகத் திரும்பும். மேலே வெட்டுவது ஸ, ஷ எழுத்துகளின் சீறலுக்காக. மைக்குக்கும் வாய்க்கும் இடைவெளி கூடக்கூட இந்தக் கசிவும் கூடும். ஒரு சாணுக்கு மேல் விலகிப் பாடுபவருக்கு ரிவெர்ப் சேர்ப்பது மிருதங்கத்துக்கும் சேர்த்தே சேர்ப்பதாகும்.

அளவைச் சரிபார்க்க ஒரே வழிதான் நம்பத்தக்கது. யூனிட்டின் பீக் விளக்கு எரியாதபடி சென்டை வைத்து, திரும்பும் ஃபேடரைக் கீழிருந்து ஏற்றுங்கள். ரிவெர்ப் தனியாகக் காதில் பட்ட இடத்தில் நிறுத்தி, 3 டெசிபெல் இறக்குங்கள். பிறகு மியூட் செய்து பாருங்கள். எடுத்தால் குறை தெரிய வேண்டும். இருக்கும்போது அது இருப்பதே தெரியக் கூடாது. பாடகர் ராகத்தின் பெயரைச் சொல்லவோ, நன்றி சொல்லவோ வாய் திறந்தால் மியூட்டை அழுத்த வேண்டும். பேச்சில் ரிவெர்ப் கேட்டால் கவனிக்க ஆள் இல்லை என்று பொருள்.

மானிட்டரில் ரிவெர்ப் வேண்டும் என்று வித்வான்கள் கேட்பது தனித் தலைவலி. மானிட்டரிலிருந்து வரும் ரிவெர்ப் மைக்கில் நுழைந்து மறுபடி ரிவெர்ப் ஆகிறது. ஊளை வழக்கத்தைவிட முன்னதாகவே எட்டிப் பார்க்கும். மறுப்பதற்கு முன் சுருதியை மானிட்டரில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பல சமயம் அவர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

இணைய ஒளிபரப்புக்கு மிக்சரிலிருந்து நேராக எடுக்கும் ஒலியில் அரங்கத்தின் முழக்கம் இருக்காது. அரங்கில் சரியாக இருக்கும் அளவு அங்கே மொட்டையாகக் கேட்கும். அதற்கென இன்னொரு ஆக்ஸை ஒதுக்கி, அதில் மட்டும் ரிவெர்ப்பைக் கூட்டிவைக்க வேண்டும். வீட்டிலிருந்து பார்ப்பவர் எக்கோ போதவில்லை என்று போன் செய்தார் என்பதற்காக அரங்கத்தின் ஃபேடரை ஏற்றிவிடக் கூடாது.

இவ்வளவையும் கேட்டுச் செய்ய ஒலியமைப்பாளருக்குக் காது எட்ட வேண்டும். மிக்சரை மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் வைத்தால் அவருக்குக் கேட்பது மானிட்டரும் ஸ்பீக்கரின் முதுகும்தான். சபா செயலாளர்கள் அரங்கின் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னே, நடைபாதை ஓரமாக நான்கு இருக்கைகளை மிக்சருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கவாத்தியக்காரர்களையும் சேர்த்து அரை மணி நேர சவுண்ட் செக்கை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒலியமைப்பாளர் ஒருவர்,
சென்னை