கிடங்கு நிரம்பிய மேயருக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. நலம் விசாரித்து இரண்டு வரி, பேரனைப் பற்றி மூன்று வரி, மீதி முழுவதும் சிம்சிட்டி பில்ட்இட்டில் நீ எழுப்பிவரும் நகரத்தைப் பற்றிய புலம்பல். வாய்விட்டுச் சிரித்தேன். பேரனுக்காகக் கைபேசியில் இறக்கிய விளையாட்டு தாத்தாவைப் பிடித்துக்கொண்ட கதை எனக்குப் புதிதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது என்பதைத் தவிர என் நலத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஆகவே நேராக உன் நகரத்துக்கு வந்துவிடுகிறேன்.

நீ மூன்று குறைகளை எழுதியிருக்கிறாய். மக்கள்தொகை ஏறிக்கொண்டே போனாலும் கையில் காசு நிற்பதில்லை. கிடங்கு எப்போது பார்த்தாலும் நிரம்பிக் கிடக்கிறது, ஆனால் வேண்டிய பொருள் மட்டும் அதில் இருப்பதில்லை. கடைகளும் தொழிற்சாலைகளும் இடைவிடாமல் ஓடியும், கேட்கும் பொருள்களைக் கொடுத்து ஒரு வீட்டைக்கூட உரிய நேரத்தில் உயர்த்த முடியவில்லை. இவற்றை மூன்று தனித்தனி நோய்களாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து கேட்டிருக்கிறாய். எனக்கு இது ஒரே நோயாகத்தான் தெரிகிறது: உன் கிடங்கு தாங்கக்கூடிய அளவைவிட உன் நகரம் வேகமாக வளர்ந்துவிட்டது.

பழைய நினைவு ஒன்று இங்கே உதவும். உன் அண்ணன் வாங்கி வைத்திருந்த கணினியில் 1989-ஆம் ஆண்டின் அந்த முதல் சிம்சிட்டியை நாம் முறைவைத்து ஆடியது உனக்கு மறந்திருக்காது. ஏழு சதவீதத்தில் இருந்த வரியை நீ சொல்லாமல் கொள்ளாமல் உயர்த்துவாய், மக்கள் மூட்டை கட்டுவார்கள், அந்தப் பழியை என் தலையில் போடுவாய். காசு தீர்ந்துவிட்டால் இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போவோம். விடிந்து பார்க்கும்போது கஜானாவில் பல ஆண்டுகளின் வரி சேர்ந்திருக்கும். அந்த விளையாட்டில் காலம் இலவசம், பணம்தான் அரிது. இப்போது நாம் கையில் வைத்திருப்பதோ தலைகீழானது. நீ தூங்கும்போது இந்த நகரம் வளர்வதில்லை. நீ விட்டுச்சென்ற வேலையை மட்டும் முடித்துவிட்டு, அடுத்த உத்தரவுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நகர மன்றத்தில் சேரும் வரியும் ஒரு நாளைக்கு மேல் குவியாது. நீ இன்னமும் அந்தப் பழைய மேயராகவே பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாய். எண்ண வேண்டியவை நிமிடங்களும் கிடங்கின் இடங்களும்.

நிமிடக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தொழிற்சாலைக்கும் கடைக்கும் இருக்கும் ஒரு வேறுபாட்டை நீ கவனிக்கவில்லை என்பது உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. தொழிற்சாலையில் நீ இடும் மூலப்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உருவாகின்றன. மூன்று இடங்களில் மரத்தை இட்டால் மூன்றும் மூன்றாவது நிமிடத்தில் ஆயத்தமாகிவிடும். அந்த மூலப்பொருள்களைக் கொண்டு ஆணி, சுத்தியல் போன்றவற்றைச் செய்யும் கடையில் அப்படி இல்லை. அங்கே வரிசைதான், முதல் சுத்தியல் முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். ஆகவே நகரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடைகளின் வரிசையே, தொழிற்சாலைகளின் எண்ணிக்கை அன்று. காசு கிடைத்தபோதெல்லாம் நீ தொழிற்சாலை கட்டியது, கிணற்றில் நீர் இருக்கும்போதே மேலும் ஒரு கிணறு தோண்டிவிட்டு, இறைக்கும் கயிறு ஒன்றுதான் என்பதை மறந்ததற்குச் சமம்.

நாற்காலியை எடுத்துக்கொள். ஒரு நாற்காலிக்கு இரண்டு மரம், ஓர் ஆணி, ஒரு சுத்தியல் வேண்டும். ஆணி செய்ய 5 நிமிடம், சுத்தியலுக்கு 14, நாற்காலிக்கு 20. (கடைகளைத் தரம் உயர்த்துவதற்கு முந்தைய கணக்கு இது.) உலோகமும் மரமும் ஏற்கெனவே கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு மூன்று நாற்காலிகள் செய்யப் புறப்பட்டால், நீ செய்வதுபோல் மூன்று சுத்தியல்களும் முடியட்டும் என்று 42 நிமிடம் காத்திருந்து, அதன்பின் நாற்காலிகளைத் தொடங்கினால் மொத்தம் 102 நிமிடம் ஆகும். முதல் சுத்தியல் கைக்கு வந்த 14-ஆவது நிமிடத்திலேயே முதல் நாற்காலியைத் தொடங்கிவிட்டு, அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுத்தியல்களை எடுத்து வரிசையில் சேர்த்தால் 74 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மிச்சமாகும் 28 நிமிடத்தைவிட முக்கியமான லாபம் ஒன்று இதில் இருக்கிறது. முதல் முறையில் மூன்று சுத்தியலும் மூன்று ஆணியும் ஆறு மரமுமாகப் பன்னிரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் கிடங்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் முறையில் அவை வந்த கையோடு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். முப்பது ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். பயன்படாத இருப்பு பாரம் என்று புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தியவன். அப்படிப்பட்டவன் இந்த விளையாட்டில் முதல் மூன்று மாதங்களில் செய்தது என்ன தெரியுமா? என்றாவது உதவும் என்று பலகைகளை அடுக்கிக்கொண்டே போனேன். ஒரு நாள் காலை ஒரு வீட்டின் மேல் கருத்துக் குமிழ் தோன்றி, அதைத் தொட்டபோது கிடங்குக்கான பூட்டு ஒன்று கிடைத்தது. கிடங்கை விரிவாக்க அந்தப் பூட்டு, கேமரா, இரும்புக் கம்பி ஆகிய மூன்றும் ஒரே எண்ணிக்கையில் சேர வேண்டும் என்பதும், எனக்கு இன்னும் ஒரே ஒரு பூட்டுதான் குறைந்தது என்பதும் உனக்குப் புரியும். எடுத்துவைக்க இடமில்லை. கிடங்கைப் பெரிதாக்கும் பொருளும் கிடங்கிலேயே இடத்தை அடைத்துக்கொள்ளும் என்ற விதியை வகுத்தவர் யாரோ தெரியவில்லை, ஆனால் அவர் எங்கேயோ ஒரு ஸ்டோர்ஸில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அன்று பலகைகளை அடிமாட்டு விலைக்கு விற்றுத்தான் அந்தப் பூட்டை உள்ளே கொண்டுவந்தேன்.

வரிசைகளைப் பற்றி 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய ஒரு விதி உண்டு. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பொருள்கள் தங்கியிருக்கும் என்பது, அவை வந்துசேரும் வேகத்தை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். மணிக்குப் பத்துப் பொருள்கள் உன் கிடங்குக்கு வந்து, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் தங்கினால் அறுபது இடங்கள் வேண்டும். இரண்டே மணி நேரத்தில் வெளியேறினால் இருபது இடங்கள் போதும். கிடங்கைப் பெரிதாக்காமலேயே மூன்று மடங்காக்கும் வழி இது. அதற்குச் செய்ய வேண்டியது, எந்த வீட்டை உயர்த்தப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அது கேட்கும் பொருள்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, தேவையானதை மட்டும் உற்பத்தி செய்வது. இயந்திரம் சும்மா நிற்கிறதே என்ற மனக்குறையில் எதையாவது ஓடவிடாதே, நின்றால் நிற்கட்டும். இன்னொன்று, முடிந்த பொருளை உடனே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் அது கெடாமல் அப்படியே இருக்கும். நான் இரவில் வெளியே விட்டுவைக்கும் சரக்கு சில நாள்களில் உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இப்படித் தேக்கமும் ஓட்டமுமாக நகரத்தைப் பார்ப்பது இந்த விளையாட்டின் பரம்பரையிலேயே இருக்கிறது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். முதல் சிம்சிட்டியை உருவாக்கிய வில் ரைட், 1984-இல் வெளிவந்த தம் ஹெலிகாப்டர் விளையாட்டுக்காகத் தீவுகளை வரைந்தபோது, குண்டு போடுவதைவிட வரைவதே சுவையாக இருப்பதைக் கண்டுகொண்டாராம். அந்த வரைபடத்துக்கு உயிர் கொடுக்க முனைந்தபோது, நகரங்களின் வளர்ச்சியைப் பற்றி ஜே ஃபாரெஸ்டர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு அவருக்குத் துணையாக அமைந்தது. ஃபாரெஸ்டரின் முறையில் மக்களும் வீடுகளும் வேலைகளும், குழாய்கள் பொருத்திய தொட்டிகளைப் போன்றவை.

அடுத்து உன் அவசரத்தைப் பற்றி. வீட்டை உயர்த்தும்போது மக்கள் மட்டுமா கூடுகிறார்கள்? அனுபவப் புள்ளிகளும் சேர்கின்றன, லெவல் ஏறுகிறது. லெவல் ஏற ஏற நகரம் புதிது புதிதாகக் கேட்கத் தொடங்குகிறது: மின்சாரமும் தண்ணீரும் போக, தீயணைப்பு, கழிவுநீர், காவல், குப்பை, மருத்துவம். அத்துடன் புதிய மூலப்பொருள்களும் பட்டியலில் வந்து சேர்கின்றன. உலோகம் ஒரு நிமிடத்திலும் பிளாஸ்டிக் ஒன்பது நிமிடத்திலும் முடிந்த காலம் போய், வேதிப்பொருளுக்கு இரண்டு மணி நேரம், துணிக்கு மூன்று, கண்ணாடிக்கு ஐந்து, மின்கூறுகளுக்கு ஏழு என்று நீண்டுகொண்டே போகிறது. லெவல் ஏறியதற்காக நீ மகிழ்ந்துகொண்டிருக்கும் அந்த நொடியில்தான், அடுத்த வீட்டின் விலை உனக்குத் தெரியாமல் உயர்ந்துவிடுகிறது. ஆகவே பச்சைக் குறி தோன்றிய வீடுகளையெல்லாம் உடனே உயர்த்தாமல் சில வாரங்கள் அப்படியே விட்டுவை. மக்கள்தொகை கூட வேண்டும் என்று ஆசையாக இருந்தால் பூங்கா கட்டு. பூங்காவுக்குக் காசு மட்டும் போதும், கிடங்கிலிருந்து ஓர் ஆணிகூட எடுக்க வேண்டியதில்லை. அதன் எல்லைக்குள் வரும் வீடுகளில் ஆள்கள் தாமாகவே கூடுவார்கள், வரியும் கூடும்.

சேவைகளில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மொத்த அளவு போதுமா என்று பார்த்தால் போதும். தீயணைப்பு, காவல், மருத்துவம் ஆகியவற்றுக்கு எல்லை உண்டு. இந்த வேறுபாடு புரியாமல், ஆற்றோரமாக ஆறு வீடுகளை அடுக்கிவிட்டு, நகரத்தில் தீயணைப்பு நிலையம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். எல்லைக் கோடு அந்தத் தெருவுக்கு ஒரு விரல்கடை முன்பாகவே முடிந்திருந்தது. மக்கள் மகிழ்ச்சி இழந்து, வீடுகள் கைவிடப்பட்டு, வரி சரிந்த பிறகுதான் கவனித்தேன். நல்லவேளையாக இந்த விளையாட்டில் கட்டடங்களைத் தூக்கி இடம் மாற்றச் செலவில்லை. நிலையத்தை இரண்டு தெரு தள்ளி வைத்ததும் விளக்குகள் மறுபடி எரிந்தன. உன் வரி நிற்காததற்கும் இதுபோன்ற ஒரு கோடு காரணமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு நிலையத்தையும் தொட்டு, அதன் எல்லை எங்கே முடிகிறது என்று பொறுமையாகப் பார். தொழிற்சாலைகளையும் குப்பைக்கிடங்கையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரு மூலையில் ஒன்றாக ஒதுக்கிவிடு. அவற்றின் மாசு வீடுகளை எட்டக்கூடாது.

சிம்கேஷ் எனப்படும் பச்சை நோட்டுகளை நிஜப் பணம் கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. காத்திருக்கும் நேரத்தை அழிக்க அவற்றைச் செலவிட்டால் சரக்கு இன்னும் வேகமாக வந்து குவியும். உன் கிடங்கோ ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கிறது. விளையாடும்போது தாமாகக் கிடைக்கும் சிலவற்றைக் கடைகளில் கூடுதல் இடங்களைத் திறக்கப் பயன்படுத்து; ஒருமுறை திறந்தால் அவை என்றைக்கும் உன்னுடையவை. புது நிலம் வாங்க வேண்டும் என்ற ஆசையையும் சற்று அடக்கு. அதற்கு வேண்டிய புல்டோசரின் தகட்டையும் சக்கரத்தையும் புகைபோக்கியையும் தேடி நீ சந்தையில் இறைத்த காசை, பூட்டுக்கும் கேமராவுக்கும் இறைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

என் அன்றாட ஒழுங்கு இதுதான். காலையில் காப்பி ஆறும் வரையிலான பத்து நிமிடம் உலோகம், மரம், ஆணி. கைபேசி கையிலிருக்கும் நேரத்துக்கு ஏற்ற குறுகிய வேலைகள். நடைப்பயிற்சிக்குப் போகும்போது பலகை, சிமெண்டு. படுக்கைக்குப் போகுமுன் கண்ணாடி, மின்கூறு போன்ற நீண்ட வேலைகளைத் தொழிற்சாலைகளில் இட்டுவிடுவேன். ஏழு மணி நேரம் அவற்றுக்கும் சரி, எனக்கும் சரி. மருத்துவர் சொன்னதால் இடையில் திரையைத் தொடுவதில்லை. வியப்பு என்னவென்றால், நாளுக்கு நாற்பது முறை தொட்ட காலத்தைவிட இப்போது என் நகரம் ஒழுங்காக வளர்கிறது.

மக்கள்தொகையில் உன் பேரனின் நண்பர்களை முந்த வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது மக்னசாந்தி என்ற நகரம் நினைவுக்கு வந்தது. சிம்சிட்டி 3000-இல் வின்சென்ட் ஒகாஸ்லா என்ற கட்டடக்கலை மாணவர் பல ஆண்டுகள் கணக்குப் போட்டுக் கட்டியது; ஒரு சாலைகூட இல்லாமல் சுரங்க ரயில்களை மட்டும் வைத்து அறுபது லட்சம் பேரை அதில் குடியேற்றினார். அங்கே மருத்துவமனையும் பள்ளியும் கிடையாது, மக்களின் ஆயுளும் குறைவு. எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டுவதற்காகவே அவர் அதைக் கட்டினார். நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். உன் நகரத்தில் ஏணி செய்யக்கூட இன்னும் பலகை மிஞ்சுவதில்லை.

பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் சந்தையில் ஐந்து பலகைகளைக் குறைந்த விலைக்கு வைத்திருக்கிறேன். உன் கிடங்கில் ஐந்து இடங்கள் காலியான பிறகு வந்து எடுத்துக்கொள். அதற்குள் வேறு யாரும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்னைக் குறை சொல்லாதே. தீயணைப்பு நிலையத்தின் கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் மறக்காமல் அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் உன்,
பழைய கூட்டாளி