முழங்கால் அடிபட்ட கபடி ஆட்டக்காரர்களுக்கான மீட்பு நிதி: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் பழைய ஆட்டக்காரர்களுக்கும் கபடிக் குழுவின் வணக்கம்.

முழங்கால் ஜவ்வு எப்படிப் போகிறது என்பது மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடிப் போனவர் ஒரு காலை ஊன்றித் திரும்பும் நேரத்தில் கணுக்காலில் பிடி விழும். பாதம் மண்ணிலேயே நிற்க, உடம்பு மட்டும் சுழலும். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டால், ஏ.சி.எல். என்கிற முன்ஜவ்வு கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு முறியவில்லை என்று கேட்ட நிம்மதியில் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் மறுபடி களத்தில் இறங்கினால் முட்டி நழுவும். நழுவும் போதெல்லாம் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் நைந்துபோகும். மருத்துவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அடிபட்ட பிறகு அலையாமல், இப்போதே எல்லோரும் அட்டை எடுத்துவிடுங்கள். மனு எழுதக் குழுவில் ஆள் இருக்கிறார்கள்.

எந்த அட்டையும் தராதது, அதற்குப் பிறகு வீட்டில் உலை வைக்கிற காசு. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் லோடு, சென்ட்ரிங், பெயின்ட் வேலை பார்க்கிறவர்கள். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தால், ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி அடங்குவதும் அதே சமயத்தில்தான். வலியும் இல்லை, வீட்டில் அரிசியும் இல்லை என்றால் சிமென்ட் மூட்டை தூக்கப் போகாமல் யாரால் இருக்க முடியும்? நல்லபடியாக நடந்த ஆபரேஷனும் அங்கேதான் வீணாகிறது. இந்த நிதி முதலில் ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டு வாரத்துக்கு. ஒருவருக்கு வாரம் 1,500 ரூபாய் வீதம் 18,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று பேர் என்று கணக்கிட்டு 54,000 ரூபாய்.

அடுத்தது, மைதானத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமைப் பயிற்சி அறையாக்குவது. பிசியோதெரபிக்காக வாரம் மூன்று தடவை டவுனுக்குப் பஸ் ஏறி இறங்க முடியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உடற்பயிற்சி சைக்கிள் 11,000, தொடைத் தசைக்கான லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் 28,000, கீல் வைத்த முழங்கால் பிரேஸ் நான்கு 12,000, ஊன்றுகோல் நான்கு ஜோடி 3,200, ரப்பர் பட்டையும் கணுக்கால் எடையும் 4,800. ஆக 59,000 ரூபாய். பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு மாலை வந்து பார்க்க 600 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 31,200. மொத்தம் 1,44,200 ரூபாய் தேவை.

மெஷின் வந்ததும் உட்கார்ந்து உதைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்து நான்காவது வாரத்துக்கு முன் அதில் ஏறக் கூடாது. பிறகும் முட்டியை 90 டிகிரி மடக்கத்திலிருந்து 45 டிகிரி மடக்கம் வரைதான் நீட்டலாம், எடையைப் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகே கூட்டலாம். முதல் இரண்டு வாரத்தில் முட்டியை முழுசாக நீட்ட வைப்பதுதான் பெரிய வேலை. வீட்டில் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுகிறார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கியபடியே இறுகிப்போய்க் கடைசிவரை நொண்ட வைத்துவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாகக் கீழே இறங்கும்.

ஆபரேஷனாகி ஒன்பது மாதம் முடியாமல் யாரையும் அணிப் பட்டியலில் சேர்க்க மாட்டோம், பொங்கல் டோர்னமென்டாக இருந்தாலும் சரி. ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லிச் சாக்பீஸால் கோடு போட்டு டேப் வைத்து அளப்போம். அடிபட்ட கால் மற்றக் கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும். தொடைத் தசையின் பலத்துக்கும் அதே கணக்கு. பெண்கள் அணிக்கும் இதே விதி, இதே உதவி.

பணம்தான் தர வேண்டும் என்றில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் ஊன்றுகோல், ஓடுகிற நிலையில் உள்ள உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் கொடுங்கள். கீல் இறுகிப்போன பிரேஸ் மட்டும் வேண்டாம். கடை, பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்கள் பில் போடுகிற மாதிரி உட்கார்ந்து பார்க்கும் வேலை தந்தால், எங்கள் வாரப் பணத்தைவிட அது மேல். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து அனுப்பி வைப்போம்.

வங்கிக் கணக்கு விவரம் மைதானத்து அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பணம் எடுக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். வரவு செலவு மாதாமாதம் அதே பலகையில் ஒட்டப்படும். உதவி பெறுகிறவர்களின் பெயர் மட்டும் ஒட்டப்படாது. ரொக்கமாகத் தருகிறவர்கள் பொருளாளரிடம் கொடுத்து, எண் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.