பெற்றோர்களுக்கு: காலாண்டு மதிப்பெண்களும் ஒரு விம்பிள்டன் வெற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. முன்னேற்ற அறிக்கையும் உங்கள் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்திருக்கும். சில வீடுகளில் சந்தோஷம். சில வீடுகளில் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை யாரும் யாரோடும் பேசாமல் முடித்திருப்பீர்கள். மதிப்பெண்ணைப் பற்றி எழுதத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், 2025 ஜூலையில் லண்டனில் நடந்த ஒரு டென்னிஸ் போட்டியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். டென்னிஸ் தெரியாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள்; விளையாட்டு விவரம் கொஞ்சம்தான் வரும்.

போலந்து நாட்டைச் சேர்ந்த இகா ஸ்வியாடெக்குக்கு அப்போது வயது 24. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை 2020, 2022, 2023, 2024 என்று நான்கு முறை வென்றவர். 2022-ல் அமெரிக்க ஓபனும் அவருக்குத்தான். பாரிஸில் ஆடுவது செம்மண் தரையில். அந்தத் தரையில் அவரை வீழ்த்துவது பெரும்பாடு. ஆனால் விம்பிள்டன் புல்தரை. அங்கே அவர் கதையே வேறாக இருந்தது. 2022-ல் தொடர்ந்து 37 ஆட்டங்கள் வென்று வந்தவரை விம்பிள்டனின் மூன்றாவது சுற்று நிறுத்தியது. 2023-ல் கால் இறுதி வரை போனார். 2024-ல் மாட்ரிட், ரோம், பாரிஸ் என்று மூன்று பட்டங்களை வரிசையாக வென்றுவிட்டு வந்தவர் மறுபடியும் மூன்றாவது சுற்றிலேயே தோற்றுப் போனார். அவ்வளவுதான், "புல்தரை இவருக்கு ஒத்துவராது" என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் 2018-ல், பதினேழு வயதில், இதே விம்பிள்டனில் சிறுமியர் பிரிவுப் பட்டத்தை வென்றவர் அவர். நம் ஊர் ராமநாதன் கிருஷ்ணன் 1954-லும் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-லும் வென்றார்களே, அதே ஜூனியர் விம்பிள்டன்தான். முடியாது என்று சொன்னவர்களுக்கு அது நினைவில் இல்லை.

புல்தரையில் என்ன சிரமம் என்றால், பந்து எழும்பாது. செம்மண்ணில் பந்து விழுந்து தோள் உயரத்துக்கு எழும்; அடிப்பதற்கு அவகாசம் கிடைக்கும்; காலைச் சறுக்கிக்கொண்டே போய் எடுக்கலாம். விம்பிள்டன் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவைத்திருப்பார்கள். பந்து அதன்மேல் பட்டதும் தாழ்வாக, வேகமாக வழுக்கிக்கொண்டு வரும். பந்தைப் பலமாகச் சுழற்றி அடிக்கும் ஸ்வியாடெக் மாதிரியான ஆட்டக்காரருக்குக் கையை முழுதாக வீசி அடிக்க நேரம் போதாது. மேட்டிங் விரித்த பிட்ச்சில் பேட் பிடித்துப் பழகிய பையனைத் திடீரென்று பச்சைப் புல் பிட்ச்சில் இறக்கினால் எப்படித் தடுமாறுவானோ அப்படி. போதாக்குறைக்குப் புல்தரைப் பருவம் மிகச் சின்னது. பிரெஞ்சு ஓபன் முடிந்து மூன்று வாரத்தில் விம்பிள்டன் வந்துவிடும். பழகிக்கொள்ள அவ்வளவுதான் நாள்.

2025-ன் முதல் பாதி அவருக்கு நன்றாக இல்லை. 2024 ஜூனில் பாரிஸில் வென்றதற்குப் பிறகு ஒரு பட்டமும் இல்லை. மாட்ரிட் அரையிறுதியில் கோகோ காஃபிடம் 1-6, 1-6 என்று தோல்வி (ஒரு ஆட்டம் சில செட்டுகள், ஒரு செட் பல கேம்கள்; 1-6 என்றால் அந்தச் செட்டில் அவருக்கு ஒரு கேம், எதிராளிக்கு ஆறு). ரோமில் மூன்றாவது சுற்றில் டேனியல் காலின்ஸிடம் தோல்வி. கடைசியில், தன் வீடு மாதிரி நினைத்திருந்த பாரிஸிலேயே, ஜூன் 5 அன்று அரையிறுதியில் அரினா சபலென்காவிடம் தோற்றார். அங்கே தொடர்ந்து 26 ஆட்டங்கள் வென்று வந்தவர், அன்றைய மூன்றாவது செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் 0-6 என்று முடித்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்ப் புல்தரையில் பயிற்சி எடுத்தார். அப்புறம் ஜெர்மனியில் பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் நடந்த போட்டியில் ஆடினார். இறுதி ஆட்டம் வரை போய், ஜெசிக்கா பெகுலாவிடம் 4-6, 5-7 என்று தோற்றார். பரிசளிப்பு மேடையில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அங்கேயே, புல்தரையில் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது என்பதை இந்தப் போட்டி காட்டிவிட்டது என்ற பொருளில் பேசினார். அழுகையும் நம்பிக்கையும் ஒரே நிமிடத்தில் ஒரே ஆளிடம் இருக்க முடியும். நம் பிள்ளைகளிடமும் அப்படி இருக்கும். அழுகையை மட்டும் பார்த்துவிட்டு நாம் பயந்துபோகிறோம்.

விம்பிள்டன் தொடங்கும் முன் போட்டித் தரவரிசையில் அவருக்கு எட்டாவது இடம் கொடுத்திருந்தார்கள். கோப்பை அவருக்குத்தான் என்று சொன்னவர்கள் குறைவு. இரண்டாவது சுற்றில் முதல் செட்டை 5-7 என்று இழந்தார், மீண்டு வந்தார். மூன்றாவது சுற்றில், ரோமில் தன்னைத் தோற்கடித்த அதே காலின்ஸை 6-2, 6-3 என்று வென்றார். அவருடைய சர்வ், அதாவது பந்தை முதலில் அடித்துத் தொடங்கும் அடி, சுற்றுக்குச் சுற்று கூர்மையானது. கால்கள் அந்தத் தரைக்குப் பழகின. அரையிறுதியில் பெலிண்டா பென்சிச்சை 6-2, 6-0. ஜூலை 12 அன்று இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0. மொத்தம் 57 நிமிடம். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டம் ஒன்று அப்படி முடிந்தது அதற்கு முன் 1911-ல். போலந்திலிருந்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆளும் அவர்தான். பாரிஸில் 0-6 என்று ஒரு செட்டை இழந்ததற்கும் இதற்கும் நடுவே 37 நாள்தான்.

விம்பிள்டன் பட்டத்தைக் கனவுகூடக் கண்டதில்லை, அது எட்டாத தூரத்தில் இருப்பதாகவே நினைத்திருந்தேன் என்றார் பிறகு. இன்னொன்றும் சொன்னார், அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். கடந்த சில மாதங்களாகத் தன் நாட்டு ஊடகங்கள் தன்னையும் தன் குழுவையும் நடத்திய விதம் நன்றாக இல்லை. இனியாவது தன்னை விட்டுவிட்டு, தன் வேலையைச் செய்ய விடுவார்கள் என்று நம்புவதாகச் சொன்னார். கோப்பை வென்ற நேரத்தில் அவருக்குச் சொல்லத் தோன்றிய விஷயங்களில் இதுவும் ஒன்று. ஒரு வருடம் அவரை அழுத்தியது தோல்வி மட்டுமல்ல, தினம் தினம் அவரைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்புகளும்தான் என்பது எனக்கு அதில் தெரிந்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளை பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் "எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். பையை இறக்கி வைப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் கேட்டுவிடுகிறோம். குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் போய்விடுகிறது. என் அறைக்கு வரும் பெற்றோர் பலர், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே, "இவனுக்குக் கணக்கு வராது சார், எங்க பரம்பரைக்கே வராது" என்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். நீங்கள் பக்கத்தில் நிற்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. ஆறாம் வகுப்பில் அப்படிக் கேட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் அதைத் தன் வாயாலேயே சொல்கிறது. அதற்குப் பிறகு கணக்கு ஆசிரியர் தலைகீழாக நின்றாலும் பலனில்லை.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்வியாடெக் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. வராது என்று மற்றவர்கள் சொன்ன தரையில்தான் போய் நின்று பழகினார். அப்படிப் பழகும்போது அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவர் வேலையைப் பற்றிப் பேசினார்கள்: கால் எங்கே வைப்பது, சர்வ் எங்கே போடுவது. 2019 முதல் அவரோடு டாரியா அப்ரமோவிச் என்ற விளையாட்டு உளவியலாளர் இருக்கிறார். உடம்புக்குப் பயிற்சியாளர் மாதிரி மனசுக்கும் ஆள் வேண்டும் என்று தயங்காமல் சொன்ன வீராங்கனை அவர். தோல்வி வந்த மாதங்களில் அந்த உதவியையே குறை சொன்னார்கள். அவர் விடவில்லை.

ஆகவே வீட்டில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து புரட்டுங்கள். மொத்தத்தைப் பார்க்கும் முன் எந்தக் கேள்வியில் எங்கே வழி தவறினான் என்று பாருங்கள். பின்னக் கணக்கில் தடுமாற்றம் என்றால் அரையாண்டு வரைக்கும் பின்னம் மட்டும் போதும். அதற்காக இன்னொரு டியூஷன் வேண்டாம். எங்கள் ஆசிரியர்கள் மாலையில் பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளை தனக்குப் புரியாத பாடத்தைத் தானே சொல்லி வரலாம். பெயர்ப் பட்டியல் எதையும் ஒட்டமாட்டோம். இரண்டாவது, பிள்ளை காதில் விழும்படி "வராது" என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். பாட்டி தாத்தாவிடமும் சொல்லி வையுங்கள்.

என் பக்கத்திலிருந்து ஒரு உறுதி. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பி.டி. பீரியடை எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்கமாட்டேன். பொதுத்தேர்வு வருடத்தில் விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தோற்றுவிட்டு மறுநாள் அதே மைதானத்துக்குப் போய் நிற்கும் பழக்கம் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பீரியட் இருக்கும்.

அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் எனக்கு அதிகம் பிடித்தது அவர்தான். அனிசிமோவா 2023 மே மாதம், மனச்சோர்வு தாங்காமல், டென்னிஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார். பல மாதம் டென்னிஸ் மட்டையிலிருந்து விலகியிருந்தார், படம் வரைந்தார். 2024-ல் திரும்பி வந்தபோது விம்பிள்டன் தகுதிச் சுற்றையே தாண்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே போட்டியில் இறுதி ஆட்டம் ஆடினார். அதில்தான் உலகமே பார்க்க ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றார். அன்று காலைதான் அவர் அம்மா விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். மைக் முன்னால் அழுதுகொண்டே அந்தப் பெண் அம்மாவுக்கு நன்றி சொன்னார், எனக்குத் தெரிந்தவர்களிலேயே தன்னலமே இல்லாதவர் என்று. அந்த அம்மாவை நான் நினைத்துப் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் வந்து மகள் 0-6, 0-6 என்று தோற்பதைப் பார்த்தவர். தோற்ற மகள் அழுதுகொண்டே நன்றி சொன்னது அவருக்கு. அந்த வீட்டில் வருடக்கணக்காக எப்படிப் பேசியிருப்பார்கள் என்பது எனக்கு அதிலேயே விளங்குகிறது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 3 அன்று நியூயார்க்கில், அமெரிக்க ஓபன் கால் இறுதியில், இதே இருவரும் மறுபடி மோதினார்கள். அனிசிமோவா 6-4, 6-3 என்று வென்றார். முந்தின இரவு, வலித்தாலும் பரவாயில்லை என்று, விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் பதிவை உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். தோற்ற விடைத்தாளைத் திருப்பிப் பார்க்கும் தைரியம் அது. திட்டு விழும் என்று பயப்படுகிற பிள்ளை அதைச் செய்யாது. பேப்பரைப் பையின் அடியில் ஒளித்து வைக்கும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். முடிந்தால் அம்மா, அப்பா இருவரும் வாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தாலும் வகுப்பாசிரியர் இருப்பார். பிள்ளையையும், அதன் கணக்கு, ஆங்கில விடைத்தாள்களையும் கூட்டி வாருங்கள். எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் மற்றவர்கள் முன்னால் வாசிக்கப்படாது. தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, பள்ளிக்கு வரப் பயப்படுகிறாள் என்று ஏதாவது இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக என்னிடம் சொல்லுங்கள். அரசின் 14417 உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்