உன் படத்தில் நான் பார்த்தது

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படம் வந்தது. மெல்போர்னில் அந்த யோகா ஸ்டூடியோவில், சுவரில் சாயாமல் சிரசாசனத்தில் நிற்கிறாய். கால் இரண்டும் விரல் நுனி வரை நேராக இருக்கிறது. அப்பா போனை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மாமி வரைக்கும் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் கண் உன் காலில் நிற்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, தாடை இறுகியிருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாய். 25 வருஷமாக அடுத்தவர் மூச்சைப் பார்த்துப் பார்த்து யோகா சொல்லிக்கொடுப்பவளுக்கு மகளின் மூச்சு தெரியாமல் போகுமா?

200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். தாராளமாகச் சேர். சேருவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடு.

உனக்கு நான் முழுதாகச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. நீ பிறந்து எட்டு மாதம். உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். நாற்பது பேர், ஒரே ஆசிரியர், எல்லோருக்கும் ஒரே வரிசை. பச்சிமோத்தானாசனத்தில், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்திருந்தேன். பக்கத்துப் பெண்ணின் நெற்றி முழங்காலைத் தொட்டுவிட்டது. என்னுடையது ஒரு சாண் மேலேயே நின்றது. ஆசிரியர் வந்து முதுகில் கை வைத்து அழுத்தினார். வலிக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் தொட்டுவிட்டாளே, நான் தொடாமல் விடுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நெற்றி தொட்டது. மறுநாள் காலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மின்சாரம் இழுத்த மாதிரி ஒரு வலி. மூன்று மாதம் என்னால் உன்னைத் தூக்க முடியவில்லை. பாட்டிதான் உன்னைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்கவைப்பார். நீ கையை நீட்டி அழுவாய், நான் படுத்துக்கொண்டே பார்ப்பேன்.

அதற்கப்புறம் வேறு ஓர் ஆசிரியரிடம் போனேன். அவர் என்னை எந்த ஆசனமும் செய்துகாட்டச் சொல்லவில்லை. இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாய், குழந்தைக்குப் பால் எப்படி உட்கார்ந்து கொடுக்கிறாய், தண்ணீர்க் குடம் யார் தூக்குகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், விட்டபடி இறக்க வேண்டும். ஆறு தடவை. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்துக்கொண்டே செய்தேன். நான்காவது தடவை கை தரையைத் தொட்டுவிட்டது, மூச்சு பாதியில்தான் இருந்தது. நிறுத்து என்றார். "கைக்குப் பின்னால் மூச்சு ஓடக் கூடாதம்மா. மூச்சு கிளம்பட்டும், கை அதன் பின்னால் வரட்டும்." நான் இன்றைக்கும் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றைத்தான்.

அவர் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர். அங்கே உன் பயிற்சியிலும் அந்தப் பெயர் கட்டாயம் வரும். 1888இல் சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். 1930களில் மைசூரில், ஜகன்மோகன் அரண்மனையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குப் போவார்கள். நீ இப்போது வேர்க்க வேர்க்கச் செய்கிற அஷ்டாங்கம் என்கிற முறை, அங்கிருந்து அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் எடுத்து வந்த வழி. கயிறு, பெல்ட், மரக்கட்டை எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுத்த பி.கே.எஸ். ஐயங்காரும் இவரிடம் படித்தவர்தான், இவருடைய மைத்துனர். அப்புறம் 1950களில் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்துவிட்டார். இங்கே அவரிடம் வந்தவர்களில் நோயாளிகள் நிறைய, வயதானவர்கள் நிறைய. அவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, நாடி பார்த்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதுப் பையனைத் துள்ளவைத்த அதே மனிதர்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் மாறினார், அதனால் பயிற்சியும் மாறியது. இன்ஜினியரிங் படித்த அவர் மகன் தேசிகாச்சார் அப்பாவிடமே மாணவராக உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டார். 1976இல் அப்பா பெயரில் சென்னையில் யோக மந்திரம் என்ற யோகப் பள்ளியைத் தொடங்கினார்.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96ஆவது வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். அந்த முடிவை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், டாக்டர் சொன்னால் செய்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். படுக்கையில் இருந்தபடியே செய்கிற மாதிரி தனக்கு ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். எழுபது வருஷத்துக்கு மேல் யோகம் பழகியவர், அன்றைக்கு அந்த உடம்பால் என்ன முடியுமோ அங்கிருந்து ஆரம்பித்தார்.

பதஞ்சலியின் யோக நூலில் உள்ள 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது மூன்றே மூன்று. அசையாமல் இரு, சுகமாக இரு என்பதுதான் அதில் முதலாவது. உன் படத்தில் அசையாமை இருக்கிறது, சுகம் இல்லை. தலைகீழாக நிற்கும்போது மூச்சின் நீளம் குறைந்தால் அன்றைக்கு அந்த ஆசனம் உனக்கு அதிகம். இறங்கிவிடு. இறங்கியதும் எழுந்து தண்ணீர் குடிக்க ஓடாதே, கொஞ்ச நேரம் படு, கழுத்துக்கு மாற்று ஆசனம் செய். மரம் ஏறத் தெரிந்தால் போதாது, இறங்கவும் தெரிய வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார்.

போன வருஷம் என்னிடம் ஒரு பாட்டி வந்தார், வயது 71. வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேல் போகாது. என்னம்மா வேண்டும் என்று கேட்டேன். "என் தலையை நானே வாரிக்கணும். மருமகள் நல்லவதான், ஆனா தினம் அவ கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியிருக்கு" என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கி, மூச்சை விடும்போது ஒரு விரல்கடை, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று போனோம். ஐந்தாவது மாதம் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றார். வகிடு கோணல், பின்னல் ஒரு பக்கம் தளர்ந்து தொங்குகிறது. அவர் வாரியது. அந்தக் கோணல் வகிட்டை நான் இன்னும் மறக்கவில்லை. நீ ஆசிரியை ஆனால் இப்படி ஒருவர் உன்னிடமும் வருவார். அவருக்கு உன் சிரசாசனத்தால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கணக்கில் மார்க் குறைந்ததற்காக உன்னை அப்படித் திட்டினேன், நினைவிருக்கிறதா? அன்று காலை ஒரு மணி நேரம் பயிற்சி செய்தவள்தான் நான். பாயைச் சுருட்டி வைத்ததோடு யோகமும் மூலைக்குப் போய்விட்டது. நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு சமையலறையில் நின்று கவனித்தேன், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது, கீழே இறங்கவே இல்லை. கத்துவதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து அதைப் பிடிக்கப் பழகினேன். சில நாள் வார்த்தை வெளியே வருவதற்குள் பிடித்துவிடுவேன், சில நாள் வந்த பிறகுதான் தெரியும். இத்தனை வருஷத்தில் எனக்குள் ஏதாவது வளர்ந்திருக்கிறது என்றால் அது இதுதான். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், கண்ணம்மா.

பயிற்சியில் சேர்ந்த பிறகும் உனக்கென்று தினமும் பதினைந்து நிமிஷம் வைத்துக்கொள். யாரும் பார்க்காத, படம் எடுக்காத பதினைந்து நிமிஷம். காய்ச்சலாக இருந்தால் படுத்துக்கொண்டு மூச்சை மட்டும் பார், ஆனால் ஒரு நாளையும் விட்டுவிடாதே.

நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எழும்போது கழுத்து எப்படி இருக்கிறது, மாதவிலக்கு சரியாக வருகிறதா, ஆபீஸில் எவ்வளவு நேரம் உட்காருகிறாய், எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு உனக்கு ஒரு பயிற்சி வரைந்து அனுப்புகிறேன். என் மாணவர்களுக்கு வரைகிற அதே குச்சி மனிதர்கள்தான், எங்கே மூச்சை இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு. சின்ன வயதில் நீ அந்தத் தாள்களை எடுத்து ஒவ்வொரு குச்சிக்கும் சடை போட்டுப் பொட்டு வைத்துவிடுவாய். அதில் ஒரு தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதையும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா