பாலைக்கு மணல் தந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கும் எங்கள் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மூன்று நாள் காட்சிக்கு வைத்திருந்த என் ஒட்டுப்படங்களை, அதாவது பல புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த பாலைப் படங்களை, ஞாயிற்றுக்கிழமை இரவு கழற்றிக் கட்டி வைத்துவிட்டோம். மொத்தம் 11 படங்கள். கடைசி நாள் மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "எந்த நாட்டுப் பாலைவனம்மா இது?" என்றுதான். நான் பாலைவனம் எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். நம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங்கில் மட்டும் ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. இந்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு பாலையைச் செய்யலாம் என்ற தைரியம் எனக்கு ஐந்தாம் படிவத்தில் வந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தில் வருகிற இடத்தை எங்கள் டீச்சர் நடத்தினார். பள்ளி முடிந்த பிறகு, ஆறே ஆறு பிள்ளைகளுக்காக, சம்பளத்தில் சேராத வகுப்பு அது. பாலைக்கென்று தனி மண் கிடையாது, இருக்கிற மண்தான் காய்ந்து அப்படி ஆகிறது என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. டீச்சர், சனிக்கிழமை நீங்கள் கைத்தடியோடு வந்து ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பார்த்தீர்கள். உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம்.

அடுத்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்துப் பாட்டி. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவிய கை அது. தோட்டத்தில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகும் லயத்துக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட நாலைந்து பால்மரங்கள் நிற்கின்றன. பழைய பட்டையைப் படம் எடுக்க வேண்டும் என்று நான் கேட்டதும், பாட்டி உளியைத் தீட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்து நின்றார். கோடு எப்படிப் போகும் என்று சீவிக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, சுமார் 30 பாகைச் சரிவில் இறங்கும். ஒவ்வொரு சீவலுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் பட்டை போகலாம். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். "கை நடுங்கினா மரம் சொல்லிடும்" என்றார். அவர் கை நடுங்கவில்லை. அன்று எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பல வருடம் சீவிச் சீவி விழுந்த மெல்லிய வரிகள், காற்று மணலில் போடுகிற வரிகளாகவே தெரிந்தன. காய்ந்த மணல் குவிந்து உச்சியிலிருந்து சரிகிற பக்கமும் 30-லிருந்து 34 பாகைக்குள்தான் நிற்கும். பாட்டி சீவிய கோட்டினை அப்படியே எடுத்து ஒரு மணல்மேட்டின் சரிவில் பொருத்தினேன், திருப்பவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது படத்தில் வலப்பக்கம் இறங்குகிற அந்தப் பழுப்புச் சரிவு முழுக்க அந்தப் பட்டைதான். அதன் விளிம்பில் வெள்ளையாக ஓடுவது, கோட்டிலிருந்து பாட்டி உரித்துக் கொடுத்த ஒட்டுப்பால், அதாவது கோட்டிலேயே காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்.

அந்த மணல்மேட்டின் படம் வந்தது ஓமானில் வேலை செய்கிற அத்தை மகனிடமிருந்து. ரூப் அல் காலியின் ஓரத்தில் அவனுக்கு வேலை. அந்தப் பாலைவனம் சுமார் 650,000 சதுர கிலோமீட்டர், நம் மலேசியாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். வேலை முடிந்த களைப்பிலும் ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்பினான். காலையிலும் மாலையிலும் எடுத்தவற்றில் நிழல் நீண்டு மேடுகள் நன்றாகத் தெரிந்தன. அப்புறம், "இது சரியா வரல அக்கா, அழிச்சிடு" என்று சொல்லி நண்பகலில் எடுத்த ஒன்றையும் சேர்த்திருந்தான். வெயில் தலைக்கு நேராக இருந்ததால் நிழலே இல்லை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை, நிறம் மட்டும் பரந்து கிடந்தது. பாலைக்கு உரிய பொழுது நண்பகல் என்று தமிழில் ஏன் வைத்தார்கள் என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வடிவம் கரைந்து போகிற நேரம் அது. உருவம் தெரியாத என் படங்கள் எல்லாம் அந்த ஒரு படத்திலிருந்துதான் தொடங்கின. தம்பி, நீ அழிக்கச் சொன்னது 11 படங்களில் 6-ல் இருக்கிறது.

வெள்ளை மணலுக்கு நான் கடல் தாண்டவில்லை. லாரி ஓட்டுகிற மாமா ஒரு விடுமுறை நாளில் தஞ்சோங் துவாலாங் பக்கம் என்னைக் கூட்டிப் போனார். ஈயம் (டின்) தோண்டி எடுக்க 1938-ல் கட்டிய மிதக்கும் இயந்திரமான ஈயக்கப்பல் இன்னும் அங்கே நிற்கிறது, 1982-ல் வேலை நின்றது. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஈயம் சலித்துக் கொட்டிய மணல் வெயிலில் கண் கூசும். குட்டை ஓரமாகக் குனிந்து நான் படம் எடுத்து முடிக்கும்வரை மாமா குடை பிடித்தார். எனக்கு இல்லை, கேமராவுக்கு.

அப்பாவுக்கும் சொல்ல வேண்டும். அவர் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். பல படங்களை வெட்டி ஒன்றாக்கும் இந்தக் கலையை, முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினில் ஹன்னா ஹோக், ராவுல் ஹவுஸ்மான் போன்ற கலைஞர்கள் வளர்த்தார்கள். பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டினார்கள். இந்தக் கலைக்கு ஃபோட்டோமொன்டாஜ் என்று பெயர். அதில் வரும் 'மொன்டாஜ்' என்ற சொல், இயந்திரப் பாகங்களைப் பொருத்துகிறவரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு உறவு கொண்டது. இதை அப்பாவிடம் சொன்னதும், "அப்ப நீயும் ஃபிட்டர்தான்" என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். நான் கத்தரித்துப் போட்ட துண்டுகள் பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

போட்டோஸ்டாட் கடை அண்ணன் அந்தத் துண்டுகளை ஸ்கேன் செய்ய ஒரு காசும் வாங்கவில்லை. அவருடைய மகள், கணினியில் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கி 'மல்டிப்ளை'யில் வைத்தால் வெள்ளை மறைந்து கருமை மட்டும் நிற்கும் என்று காட்டிக் கொடுத்தாள். பட்டையின் வரிகளை மணலுக்குள் இறக்கியது அந்தப் பிள்ளையின் வித்தை.

சட்டம் போட முதலில் கொடுத்த இடத்தில் தாளைக் கண்ணாடியோடு நேராக அழுத்திவிட்டார்கள். நம் ஊர் ஈரத்தில் இரண்டு படங்கள் கண்ணாடியோடு ஒட்டி வீணாகின. நான் அழுதுகொண்டு நின்றது பெரிய கடைத்தெருவில் இருக்கிற சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில். அவர் எதுவும் கேட்காமல் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தடித்த அட்டை ஓரம் வைத்து, இடைவெளி விட்டு, 11 சட்டங்களையும் நாலே நாளில் முடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், மூன்று நாளும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கலக்கினார். மண்டபச் சாவியைக் கொடுத்த பெற்றோர் சங்கத்தாருக்கும், நாற்காலி அடுக்கிய ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

நாலு படங்களை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். மூன்றாவது படத்தை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் பாட்டி வீட்டில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன். பாட்டி அந்தச் சரிவின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை
சுங்கை சிப்புட், பேராக்