யார்க்கிலிருந்து பாப்பாவுக்கு

யார்க், வட இங்கிலாந்து, டிசம்பர்

அன்புள்ள பாப்பா,

நலமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. சாப்பாட்டுக் கதையை அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாய், உனக்கு இந்த ஊர் இங்கிலீஷைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பஸ் டிரைவர் என்னைக்கூட 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார், அண்ணியிடம் சொல்லிவைக்காதே!

இங்கே தெருவுக்குப் பெயர் கேட், கோட்டை வாசலுக்குப் பெயர் பார், பாருக்குப் பெயர் பப் என்று ஊர்க்காரர்களே கிண்டலடிப்பார்கள். இதில் 'கேட்' வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியாகப் படையெடுத்து வந்தவர்கள், செய்த வேலை. 866-ல் அவர்களில் டேனியர் (டென்மார்க்காரர்) படை வந்து இந்த ஊரைப் பிடித்தது, அவர்கள் மொழியில் தெரு என்றால் 'காட்டா'. நான் வேலைக்கு நடந்துபோகிற காப்பர்கேட்டுக்கும் செம்புக்கும் சம்பந்தமே இல்லை, அது மரக்கிண்ணம் கடைந்தவர்கள் தெரு. 1976-ல் அங்கே தோண்டத் தொடங்கி, கடைந்து எறிந்த மரத்துண்டுகளைக்கூட எடுத்திருக்கிறார்கள்.

படையாக வந்தவர்கள் அப்புறம் ஏர் பிடித்து, பெண் எடுத்து, அக்கம்பக்கமாகக் குடியிருந்துவிட்டார்கள். அதனால்தான் அவர்களிடமிருந்து வந்ததில் நிறைய வீட்டுச் சொற்கள்: எக், நைஃப், லெக், ஸ்கின், ஹஸ்பண்ட். 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் ஆளவந்தவர்கள், அவர்கள் தந்தது கோர்ட், ஜட்ஜ், பிரிசன். வைக்கிங்குகளுக்கு ஸ்கை என்றால் மேகம், இங்கே அது வானமாகிவிட்டது, இந்த ஊர் வானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விண்டோ அவர்களுக்குக் 'காற்றுக்கண்', நம் பலகணியிலும் ஒரு கண் இருக்கிறது பார்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம், 'தே' (they) என்பதும் வைக்கிங்குகளிடமிருந்து வந்ததுதான். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்காத மொழி ஏது, 'அவர்கள்' என்பதையே போய்க் கடன் வாங்குவார்களா? பழைய இங்கிலீஷில் 'அவன்' என்பதும் 'அவர்கள்' என்பதும் காலப்போக்கில் காதுக்கு ஒன்றுபோல ஆகிவிட்டதால், வடக்கே புழங்கிய இந்தச் சொல் கைகொடுத்து, மெதுவாகத் தெற்கே இறங்கியிருக்கிறது என்கிறார்கள். உனக்குப் பாடத்தில் சாசர் இருக்கிறாரா? இருந்தால் எடுத்துப் பார். 14-ம் நூற்றாண்டு லண்டன் கவிஞர், 'தே' என்று எழுதுவார், ஆனால் 'தெம்' (them, அவர்களை) வரவேண்டிய இடத்தில் பழைய 'ஹெம்'தான் இருக்கும். பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது அதுவரை. பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்